தாளத்தின் மேல் இன்னொரு தாளம்

மதுரையைச் சுற்றி ஓடும் தனியார் பஸ்களில் எழுபதுகளின், எண்பதுகளின் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டு போகும்போது சில சமயம் ஒரு சந்தேகம் வரும்: இந்தப் பாட்டுல இவ்வளவு டிரம்ஸ் இருந்துச்சா? பெரும்பாலும் இருந்திருக்காது. பழைய ஒலிப்பதிவுக்கு அடியில் யாரோ புதிதாக ஒரு ‘தும் தும்’மைப் போட்டிருப்பார்கள்.

இதற்கு நாற்பது வருஷத்துக்கு நெருங்கிய வரலாறு உண்டு. எண்பதுகளில் கேசட் மலிவானதும் இந்திப் பாட்டுச் சந்தையே தலைகீழாக மாறியது. பழைய பாட்டுகளை எலெக்ட்ரானிக் டிரம்மும் எதிரொலியும் சேர்த்து ‘ஜங்கார் பீட்ஸ்’ என்று உறையில் அச்சடித்து விற்றார்கள். பாகிஸ்தானிலும் இதே கதைதான். முடிந்த பாட்டை ஓடவிட்டு, அதோடு சேர்ந்து தாளத்தை வாசித்து, இரண்டையும் மறுபடி ஒன்றாகப் பதிவு செய்வது. அவ்வளவுதான் தொழில்நுட்பம்.

தமிழில் அந்த அளவுக்குப் பெயர் வைத்து விற்கவில்லை. இங்கே அந்த வேலையில் பாதியைச் செய்தவை தெருமுனை ரெக்கார்டிங் சென்டர்கள். காலி கேசட்டையும் பாட்டு லிஸ்ட்டையும் கொடுத்துவிட்டு, “அண்ணே, பேஸ் கொஞ்சம் தூக்கிப் போடுங்க” என்று சொல்லிவிட்டு வருவோம். ஈக்வலைசரின் இரண்டு ஓரத்துக் குமிழ்களும் மேலே ஏறும், நடுவில் இருப்பவை இறங்கும். பாடகரின் குரல் உட்கார்ந்திருப்பது அந்த நடுவில்தான்.

இதை ரசனைக் குறைவு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அந்தப் பாட்டுகள் தியேட்டருக்கும் வானொலிக்கும் என்று கலக்கப்பட்டவை. பஸ்ஸின் இன்ஜின் உறுமுவதோ, டிரம்ஸின் அடிநாதம் இருக்கும் அதே கீழ் அலைவரிசையில். உறுமல் டிரம்ஸை விழுங்கிவிடும். திருவிழாவில் கட்டும் குழாய் ஸ்பீக்கருக்குச் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தமே வராது. கேட்கிற இடம் மாறியது. அந்த இடத்துக்கு ஏற்ப மக்கள் பாட்டை மாற்றிக்கொண்டார்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கலந்து முடித்த பாட்டில் டிரம்ஸை மட்டும் மாற்றுவது, கொதித்து இறக்கிய சாம்பாரிலிருந்து பெருங்காயத்தை மட்டும் எடுப்பது மாதிரி. மென்பொருள் ஒலி சட்டென்று எகிறும் புள்ளிகளைத் தேடும், அங்கெல்லாம் ஒரு புது அடியை ஒட்டும். நூறு ஹெர்ட்ஸ் அலையின் பாதிச் சுற்று 5 மில்லிசெகண்ட். ஒட்டிய அடி அவ்வளவு தள்ளி விழுந்தால் பழைய அடியும் புதிய அடியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கனமாக்கப் போனது மெலிந்துபோகும்.

அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்திலிருந்து போய் 1976-இல் ‘அன்னக்கிளி’யில் அறிமுகமான இளையராஜாவின் பாட்டுகளில் இது இன்னும் கஷ்டம். அவருடைய பேஸ் கிட்டார் சும்மா தாளத்துக்குத் துணை நிற்பதில்லை, தனியாக ஒரு மெட்டைப் பாடிக்கொண்டு போகும். அதன் கீழே ஒரே சுருதியில் திரும்பத் திரும்ப விழும் டிரம் அடியைப் போட்டால் அந்த மெட்டு மூழ்கிவிடும். போதாததற்கு, வாத்தியக்காரர்கள் ஒரே கூடத்தில் சேர்ந்து உட்கார்ந்து வாசித்த காலம் அது. டிரம்ஸின் சத்தம் வயலின் மைக்கிலும் போய் விழுந்திருக்கும். டிரம்ஸை மாற்றினால் அந்தக் கூடத்தையே கொஞ்சம் மாற்றுகிறோம்.

மேல்நாட்டிலும் டிரம்ஸை மாற்றினார்கள். ஸ்டீலி டான் குழுவின் 1980 ஆல்பமான ‘கௌச்சோ’வுக்காக, ஒலிப் பொறியாளர் ரோஜர் நிக்கோல்ஸ் ‘வெண்டல்’ என்ற கருவியையே கட்டினார். ஆனால் அது பாட்டு வெளிவருவதற்கு முன்னால், படைத்தவர்களே எடுத்த முடிவு. நம் ஊரில் பாட்டு வெளிவந்து பல வருஷம் கழித்து, வாசித்தவருக்குத் தெரியாமல் நடந்தது.

வாசித்தவர் யார்? புரு என்கிற புருஷோத்தமன் மாதிரி ஒரு சிலரின் பெயர்தான் ரசிகர்களுக்குத் தெரியும். இளையராஜாவுக்கு டிரம்ஸ் வாசித்து, இசைக்குழுவையும் நடத்திய அவர் 2020-இல் காலமானார். மற்ற பலருடைய பெயர் கேசட் உறையில் வந்ததே இல்லை.

இப்போது கருவிகள் மாறிவிட்டன. 2019-இல் டீசர் நிறுவனம் ‘ஸ்ப்ளீட்டர்’ என்ற பிரித்தெடுக்கும் மென்பொருளை இலவசமாக வெளியிட்டது. பீட்டில்ஸின் ‘ரிவால்வர்’ 2022-இல் புதிதாகக் கலக்கப்பட்டபோது, ஒரே டிராக்கில் ஒட்டிக் கிடந்த வாத்தியங்களை இதே மாதிரி நுட்பத்தால்தான் பிரித்தார்கள். நானும் ஒரு ராத்திரி எழுபதுகளின் மோனோ பாட்டு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன். டிரம்ஸ் தனியாக வந்தது, ஓரத்தில் வயலின் பிசிறோடு. பெரிய அடிகளுக்கு நடுவே ஸ்நேரில் மெல்லிய தட்டல்கள். பல்லவி முடியும் இடத்தில் மயிரிழை முந்தி ஓடும் கை. கணினி ஊகித்துத் தருவதுதான் இது, அசல் டேப் ஆகாது. ஆனாலும் இத்தனை வருஷம் கேட்ட பாட்டில் ஒரு ஆள் இருப்பது அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. மேலே இன்னொரு தாளத்தை ஒட்டும்போது முதலில் மறைவது அந்த மெல்லிய தட்டல்கள்தான்.

2012-இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம், தன் வாசிப்பு தன் பெயருக்குக் கேடு வரும்படி சிதைக்கப்பட்டால் எதிர்க்கும் உரிமையையும், தன் பெயர் குறிக்கப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமையையும் கலைஞருக்குத் தந்திருக்கிறது. உரிமை ஏட்டில் இருக்கிறது. உறையில் பெயரே இல்லாதவருக்காக யார் போய்க் கேட்பது?

பேஸை ஏற்றிக் கேட்பவர் தாராளமாகக் கேட்கட்டும். புதுப்பித்து விற்பவர்களிடம் நாம் கேட்கவேண்டியது மூன்றே விஷயம்: எதை மாற்றினோம் என்று எழுதுங்கள், மாற்றாத பிரதியையும் பக்கத்திலேயே வையுங்கள், வாசித்தவர் பெயர் தெரிந்தால் போடுங்கள். அவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது. யார் எந்தப் பாட்டில் வாசித்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ள மென்பொருள் எதுவும் தேவையில்லை.