ஒன்றுமில்லை என்ற நோய்: தலைச்சுற்றின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

என் அலுமாரியில் ஒரு நீலநிறக் கோவை இருக்கிறது. இரத்தச் சோதனை, சீனி, கொலஸ்ட்ரோல், தைரொயிட், ஈ.சி.ஜி., காதுச் சோதனை, கடைசியாகக் கடன்பட்டு எடுத்த தலை ஸ்கேன் என்று சில வருடத்து அறிக்கைகள் அதில் அடுக்கப்பட்டுள்ளன. எல்லாவற்றின் முடிவும் ஒரே சொல்தான்: நோர்மல்.

சோதனைகள் நோர்மல், ஆனால் எனக்குத் தலை சுற்றுகிறது. உலகம் பம்பரம்போல் சுழல்வதில்லை. குறிகட்டுவானில் படகால் இறங்கியதும் சற்று நேரம் துறைமுகத் தரை அசைவதுபோல் இருக்குமே, அந்த அசைவு நாள் முழுவதும் ஓயாமல் இருக்கிறது. படுத்தால் குறையும். எழுந்து நின்றால் கூடும். சாமான்கள் அடுக்கிய கடைக்குள் போனாலும், சனக்கூட்டத்தின் நடுவே நின்றாலும் இன்னும் கூடும். நல்லூரில் வாடகை வீட்டில் இருக்கும் எனக்கு, ஆவணித் திருவிழாவின் 25 நாட்களும் வீதி விளக்குகளும் கூட்டமும் கண்ணுக்குள் நீந்தும். பள்ளிவாசலில் கதிரையில் இருந்து தொழுகிறேன். பார்வைக்குத் திடகாத்திரமான மனிதன் ஏன் கதிரை தேடுகிறான் என்று சிலர் கேட்டார்கள். சிலர் கேட்காமல் பார்த்தார்கள். வீட்டிலும் ஆலோசனைகளுக்குக் குறைவில்லை. பித்தம் என்றார் ஒருவர், கண்ணூறு என்றார் இன்னொருவர், யோசனை கூடிப்போச்சு என்றார் மூன்றாமவர்.

வரலாறு படிப்பது என் தொழில் அல்ல, பழக்கம். நோய்க்குப் பெயர் கிடைக்காத காலத்தில், பெயர் கிடைக்காமல் இதனோடு வாழ்ந்தவர்களைத் தேடத் தொடங்கினேன். அந்தத் தேடலின் குறிப்புகளே இவை. அதோடு நான் ஒருவருக்குக் கடன்பட்டிருக்கிறேன். அதைக் கட்டுரையின் நடுவில் சொல்கிறேன்.

தேடலை நான் இருக்கும் ஊரிலிருந்தே தொடங்கலாம். நல்லூர் யாழ்ப்பாண அரசின் தலைநகர். செகராசசேகரன், பரராசசேகரன் என்பவை அவ்வரசர்கள் மாறிமாறிச் சூடிய சிம்மாசனப் பெயர்கள். அதே பெயர்களில் இரண்டு வைத்திய நூல்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஏட்டிலிருந்த பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை 1928 முதல் பாகம் பாகமாக அச்சிட்டார். முதற்பாகமே சிரரோக நிதானம், அதாவது தலை நோய்களின் காரணம் கூறும் பகுதி. தமிழ் வைத்தியம் கிறுகிறுப்பை வாதம், பித்தம், கபம் என்ற மூன்றின் ஏற்றத்தாழ்வில் வைத்து விளங்கிக்கொண்டது. அந்த விளக்கத்தை இன்று நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் நாடிபிடித்த பரியாரியார் நோயாளியிடம் உனக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல அந்த முறையில் இடமே இருக்கவில்லை என்பது என் கவனத்தில் பட்டது. முறைப்பாடு இருந்தால் காரணமும் இருந்தாக வேண்டும்.

நம் ஹக்கீம்களின் யூனானி மரபும் இவ்வாறே. 1037இல் மறைந்த இப்னு சீனா தமது அல்கானூனின் மூன்றாம் நூலில் தலை தொடங்கிக் கால்வரை உறுப்பு நோய்களை வரிசைப்படுத்துகிறார். தலை நோய்களுள் ‘துவார்’ என்றும் ‘ஸதர்’ என்றும் இரண்டைப் பிரித்துக் காட்டுகிறார். சுற்றியுள்ளவை சுழல்வதாகத் தோன்றுவது முதலாவது. எழும்பும்போது கண் இருண்டு வருவது இரண்டாவது. வைத்தியரின் அறைக்குள் போனதும் முதலில் கேட்கப்படும் கேள்வி இன்றும் இதுதான்: சுழலுதா, இருட்டுதா? அவருக்கும் முன்னே, அரிஸ்டோட்டிலின் மாணாக்கர் தியோபிராஸ்டஸ் தலைச்சுற்றைப் பற்றியே ஒரு சிறு நூல் செய்திருந்தார். உயரத்திலிருந்து கீழே பார்த்தால் ஏன் சுற்றுகிறது, சுழலும் பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஏன் சுற்றுகிறது என்பன அவரது கேள்விகள்.

ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை திடீர்த் தலைச்சுற்றை மூளையில் இரத்தம் பெருகியதால் வருவதாகவே பெரும்பாலும் கருதினர். ஆகவே நோயாளியின் இரத்தத்தை வடித்தார்கள், அட்டை கடிக்க விட்டார்கள். 1861இல் பாரிஸில் செவிப்புலனற்றோர் நிலையமொன்றின் வைத்தியராயிருந்த புரோஸ்பர் மெனியே, இது மூளையின் கோளாறன்று, உட்காதின் கோளாறு என்று வைத்தியக் கழகத்தின் முன் வாசித்தார். அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். அவரது பெயரிலுள்ள நோயை இன்று எல்லாக் காது வைத்தியர்களும் அறிவர்.

வியன்னாவில் ரொபேர்ட் பாரனி என்ற காது வைத்தியர், காதைத் தண்ணீரால் கழுவும்போது நோயாளிகள் தலை சுற்றுகிறது என்று முறையிடுவதைக் கவனித்தார். தண்ணீர் குளிர்ந்திருந்தால் கண் ஒரு பக்கம் துடித்தது, சூடாயிருந்தால் மறுபக்கம் துடித்தது. நோயாளிகளின் அலுப்பூட்டும் முறைப்பாட்டை அவர் தள்ளிவிடாமல் கேட்டதிலிருந்தே உட்காதின் சமநிலை உறுப்பைச் சோதிக்கும் முறை பிறந்தது. 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தபோது அவர் ரஷ்யாவில் யுத்தக் கைதியாக இருந்தார்.

ஆனால் காதும் சரி, மூளையும் சரி என்று வரும் நோயாளியை என்ன செய்வது? 1870இல் வியன்னாவின் பெனடிக்ட், அகன்ற வெளியைக் கடக்கும்போது தலைசுற்றும் நோயாளிகளைப் பற்றி எழுதினார். மைதானத் தலைச்சுற்று என்பது போன்ற ஒரு பெயரை அதற்கு இட்டார். அடுத்த ஆண்டு பெர்லினின் வெஸ்ட்பால், இது சுற்றல்ல, அச்சம் என்று சொல்லி வேறு பெயர் வைத்தார். வெஸ்ட்பாலின் பெயரே நிலைத்தது. பிரச்சினை காதில் இருந்தால் ஒரு வைத்தியர், மனத்தில் இருந்தால் இன்னொரு வைத்தியர் என்ற பிரிவினை இறுகியது. இரண்டுக்கும் நடுவில் நிற்பவனை இரு பக்கமும் கைவிட்டன. எனது நீலக் கோவை அந்தப் பிரிவினையின் பிள்ளைதான்.

இனி நான் சொல்லாமல் தள்ளிப்போட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினர். அந்த மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறக்குறைய 75,000 பேர். ஜின்னா மைதானத்துக்கு வரும்படி ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நாங்கள் சோனகத் தெருவிலிருந்து போனோம். எனக்கு அப்போது 24 வயது. உம்மா கதவைப் பூட்டித் திறப்பை முந்தானையில் முடிந்துகொண்டா. மைதானத்தில் அந்தத் திறப்பையும் வாங்கிக்கொண்டார்கள்.

புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் இருந்த இரண்டாவது வருடம் உம்மாவுக்குத் தலைச்சுற்று தொடங்கியது. “நிலம் ஆடுது மகன்” என்பா. தண்ணீர் எடுக்கப் போகமாட்டா. சனம் கூடும் நிவாரண வரிசையில் நிற்கமாட்டா. கொட்டிலுக்குள் நடக்கும்போதும் கப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பா. முகாமுக்கு வந்த வைத்தியர் பிரஷர் பார்த்தார், சீனி பார்த்தார், விற்றமின் குளிசை கொடுத்தார். ஒன்றுமில்லை என்றார். வரிசைகளில் உம்மாவின் பங்குக்கும் சேர்த்து நின்று களைத்த நான், “ஒண்டுமில்லையாம் உம்மா, எழும்புங்க. எல்லாருக்கும்தானே கஷ்டம்” என்றேன். அதற்குப் பிறகு உம்மா தலை சுற்றுகிறது என்று என்னிடம் சொன்னதே இல்லை. கப்பைப் பிடிப்பது மட்டும் நிற்கவில்லை. 2003இல் மௌத்தானா. கபுறு புத்தளத்தில்தான்.

பிற்காலத்தில் ஒரு ஆய்வு என் கையில் கிடைத்தது. இலங்கை ஆய்வாளர்களும் லண்டன் கிங்ஸ் கல்லூரியினரும் சேர்ந்து, புத்தளத்தில் நீண்டகாலம் இடம்பெயர்ந்து வாழும் வடக்கு முஸ்லிம்களிடையே நடத்தியது, 2013இல் வெளியானது. 18 முதல் 65 வயதுவரையான 450 பேரைச் சந்தித்தார்கள். ஏதாவதொரு பொதுவான உளநலப் பாதிப்பு உடையோர் 18.8 வீதம். இவ்வாறான மக்களிடம் எல்லோரும் முதலில் எதிர்பார்ப்பது, வெளியார் எழுதும் அறிக்கைகளில் அடிக்கடி வரும் அந்த நெருக்கீட்டு நோயை. அது வெறும் 2.4 வீதம். வைத்தியத்தால் விளக்க முடியாத உடல் முறைப்பாடுகளாக வெளிப்படும் பாதிப்போ 14 வீதம். அதாவது எமது சனம் வெளியேற்றத்தைக் கனவாகவோ அழுகையாகவோ சொன்னதைவிட, உடம்பு உளைவாகவும் நெஞ்சுப் படபடப்பாகவும் தலைச்சுற்றாகவும் சொல்லியிருக்கிறது. சொன்ன இடங்களில் எத்தனை தடவை ஒன்றுமில்லை என்ற பதில் கிடைத்திருக்கும்!

இது முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய கதையல்ல. யுத்தத்துள் வாழ்ந்த யாழ்ப்பாண மக்களை இருந்து பார்த்த உளவைத்தியர் தயா சோமசுந்தரம், அவர்களின் மனத்துயர் உடல் முறைப்பாடுகளாக வருவதைத் தமது நூல்களில் பதிந்திருக்கிறார். சாதாரண மக்களும் தொண்டர்களும் படிப்பதற்காக அவர் தமிழில் எழுதிய ‘மனவடு’ 1993இலேயே வந்துவிட்டது. அந்த வருடம் நாங்கள் புத்தளத்தில். புத்தகம் யாழ்ப்பாணத்தில்.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் அழகாக இருக்கும். வெளியேற்றம் உம்மாவின் தலையைச் சுற்றவைத்தது, முப்பது வருடம் கழித்து மகனின் தலையையும் சுற்றவைக்கிறது என்று எழுதலாம். என் நண்பர்கள் சிலர் அப்படித்தான் எழுதச் சொன்னார்கள். ஆனால் என் விஷயத்தில் அது உண்மையல்ல. எனக்கு முதலில் வந்தது ஒரு காய்ச்சல். அதன் பின் ஒரு கிழமை வீடே சுழன்றது, வாந்தி எடுத்தேன். அது உட்காது நரம்பின் அழற்சி. அழற்சி ஆறிவிட்டது. சுற்று மட்டும் போகவில்லை. வரலாறு எமக்குச் செய்த அநியாயம் பெரியது. அதற்காக ஒவ்வொரு வலியையும் அதன் கணக்கில் எழுதினால், சந்தேகிக்கக் காத்திருப்பவர்களுக்கு நாமே வாய்ப்புக் கொடுத்தவர்களாவோம்.

கடைசியில் ஒரு வைத்தியர் கோவையை மூடிவைத்துவிட்டு அரை மணித்தியாலம் கேள்வி கேட்டார். பிறகு ஒரு பெயர் சொன்னார். தமிழில் விடாப்பிடியான நிலைசார் தலைச்சுற்று என்று வைத்துக்கொள்ளலாம். ஜெர்மனியின் பிராண்ட், டீற்றறிச் என்ற இரு வைத்தியர்கள் 1986இல் இதன் முன்னோடியான ஒரு நோயை விவரித்தார்கள். பாரனியின் பெயரில் இயங்கும் சர்வதேசச் சங்கம் 2017இல் இதற்கான வரையறையை வெளியிட்டது. மூன்று மாதமோ அதற்கு மேலோ, பெரும்பாலான நாட்களில் இருக்க வேண்டும். நிற்கும்போதும், அசைவிலும், கண்ணைக் குழப்பும் காட்சியிலும் கூட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியலிலும் அது இடம்பெற்றுள்ளது.

நடப்பது இதுதான். நாம் நிமிர்ந்து நிற்பதற்குக் கண், உட்காது, பாதமும் மூட்டும் தரும் உணர்வு ஆகிய மூன்றின் செய்திகளையும் மூளை பொருத்திப் பார்க்கிறது. காது ஒருமுறை பிழைத்துப்போனால் மூளை அதை நம்பாமல் கண்ணையே அதிகம் சார்கிறது; உடலை விறைப்பாக வைத்துக் காவல் காக்கிறது. காது சுகமான பிறகும் அந்தக் காவலை எடுக்க மறந்துவிடுகிறது. உறுப்பு பழுதாகவில்லை, ஆகவே ஸ்கேனில் தெரியாது. பாவனையுமல்ல, கற்பனையுமல்ல. காய்ச்சலுக்குப் பின்னும் இது தொடங்கலாம், கடும் பீதிக்குப் பின்னும் தொடங்கலாம். 150 வருடத்துக்கு முன் பெனடிக்டும் வெஸ்ட்பாலும் பிரித்துக்கொண்ட நோயாளி இந்தப் பெயரில்தான் மீண்டும் ஒரே ஆளாகிறான்.

சிகிச்சையின் மூலம் எனக்கு வியப்பாக இருந்தது. இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் இங்கிலாந்தில் கோத்தோர்ன், குக்ஸி என்ற இருவர் தலையிலும் காதிலும் காயப்பட்டவர்களுக்காக வகுத்த பயிற்சிகள் அதன் அடி. கண்ணை அசைப்பது, தலையைத் திருப்புவது, பந்தை எறிந்து பிடிப்பது, சுற்று வரும் காரியத்தைச் சிறிதுசிறிதாகச் செய்து பழகுவது. சுற்றுகிறதே என்று படுத்துக்கொண்டால் நோய் நிலைத்துவிடும். சிலருக்கு மாத்திரையும், பேச்சுச் சிகிச்சையும் உதவும். ஆறு மாதமாக முற்றத்தில் பந்து எறிகிறேன். பேரப்பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு. சுற்று முற்றாகப் போகவில்லை, பாதியாகியிருக்கிறது. போன வெள்ளி ஜும்ஆவைக் கதிரையில்லாமல் தொழுதேன்.

இன்னொரு ஆய்வையும் சொல்லி முடிக்கிறேன். விளக்க முடியாத உடல் முறைப்பாடுகளுடன் வந்த இலங்கை நோயாளிகளை வைத்தியர் அதுல சுமதிபாலவும் குழுவினரும் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குச் சிறப்பான பேச்சுச் சிகிச்சை. மற்றப் பகுதிக்கு வைத்தியர் அதேயளவு தடவை ஒழுங்காகச் சந்தித்துக் கவனிப்பது மட்டும். 2008இல் வெளியான முடிவின்படி இரு பகுதியினரும் முன்னேறினார்கள், இரண்டுக்கும் இடையில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

அதைப் படித்த இரவு உம்மாவின் கப்பு ஞாபகத்துக்கு வந்தது. உம்மாவுக்கு இருந்தது எந்த நோயென்று இனி எந்த வைத்தியரும் சொல்லப்போவதில்லை. ஆனால் உம்மாவின் பக்கத்தில் இருந்து எப்போது கூடுது, எப்போது குறையுது என்று கேட்பதற்கு எனக்கு வைத்தியப் படிப்பு தேவைப்பட்டிருக்கவில்லை. பத்து வருடத்துக்கு மேல் அந்தக் கேள்வியைக் கேட்காமலே இருந்தேன். நோர்மல் என்றால் அந்தச் சோதனை தேடியது அங்கு இல்லை என்பதுதான் பொருள். அதை நான் மகனாக விளங்கிக்கொள்ள என் தலையும் சுற்றவேண்டியிருந்தது.

புத்தளம் போகும்போதெல்லாம் கபுறடியில் நின்று துஆச் செய்கிறேன். நிற்கும்போது நிலம் ஆடும். பிடித்துக்கொள்ள அங்கே ஒரு வேப்பமரம் இருக்கிறது.