தொலைக்காட்சிப் பெட்டி: கடலோரக் கிராம இல்லங்களில் தெரிவும் பராமரிப்பும்

தொலைக்காட்சிப் பெட்டி, நடுத்தர விலையினது: சுமார் 20,000 ரூபாய் முதல் 40,000 ரூபாய் வரை விலை பெறுவதும், 32 அங்குலம் முதல் 55 அங்குலம் வரை மூலைவிட்ட அளவுடைய திரவப் படிகத் திரை கொண்டதும், எல்.இ.டி. விளக்குகளின் பின்னொளியால் பிரகாசிப்பதுமான இல்ல உபயோகச் சாதனம். இதன் குணதோஷங்களைக் கூறும் விளம்பர வாசகங்கள் பெரும்பாலும் நகரத்துக் குளிரூட்டிய அறையை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவையாதலால், உப்புக் காற்றும், வெண்மணலில் பட்டுத் தெறிக்கும் வெயிலும், புயற்காலத்து மின்தடையும் நித்திய அனுபவமாகிவிட்ட கடலோரக் கிராமங்களுக்கு அவை அப்படியே பொருந்துவதில்லை. புதுச்சேரி நகருக்குத் தெற்கே, கடலூர்ச் சாலையில் உள்ள கிருமாம்பாக்கத்துக்குக் கிழக்கே, வங்கக் கடலின் கரையில் அமைந்து பாகூர் கொம்யூனைச் சேர்ந்ததாக விளங்கும் மீனவக் கிராமமாகிய பனித்திட்டையும், அதை அடுத்துள்ள நரம்பை, மூர்த்திக்குப்பம் போன்ற ஊர்களையும் கண்முன் வைத்தே இங்கு இவ்விஷயம் ஆராயப்படுகிறது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. 1982இல் வர்ண ஒளிபரப்பு இந்தியாவுக்கு வந்தது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தோன்றிய பின் கேபிள் கம்பிகள் கிராமங்களுக்குள்ளும் நுழைந்தன. தென்பெண்ணைக்கு அப்பாலுள்ள கடலூர் உட்படத் தமிழகமெங்கும் 2006 செப்டம்பர் 15 முதல் அரசு இலவசமாக வழங்கிய வர்ணத் தொலைக்காட்சிகள், பெட்டி என்பது செல்வர் வீட்டுப் பொருள் என்னும் எண்ணத்தை அடியோடு போக்கின. அவையெல்லாம் கண்ணாடிக் குழாய் கொண்ட கனத்த பெட்டிகள். இன்று சுவரில் மாட்டப்படும் மெல்லிய திரை, பார்ப்பதற்கு அழகாயினும், தன்னிடம் வந்து சேரும் படத்தின் குறைகளை அந்தப் பழைய குழாயைப்போல் மறைத்துக் காட்டுவதில்லை; தெரிவில் நேரும் ஏமாற்றங்களில் பலவற்றுக்கு இதுவே காரணம்.

ஆகையால், பெட்டி எத்தனை நுண்புள்ளிகளைக் காட்ட வல்லது என்று கேட்பதற்கு முன், அதற்கு வந்து சேரும் சமிக்ஞை எத்தனை புள்ளிகளைச் சுமந்து வருகிறது என்று கேட்பதே முறை. சாதாரண கேபிள் சேனலும், மாதச் சந்தாவின்றிக் கிடைக்கும் தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் சேவையும் பெரும்பாலும் அனுப்புவது 720க்கு 576 புள்ளிகள் கொண்ட படமே, ஹெச்.டி. சேனல் 1920க்கு 1080 புள்ளிகளைத் தருகிறது. 3840க்கு 2160 புள்ளிகள் கொண்ட 4கே படமோ, விநாடிக்கு 15 முதல் 25 மெகாபிட் வரை தடையின்றி வரும் இணைய இணைப்பின் மூலமே பொதுவாகக் கிடைக்கிறது. கேபிள் மட்டுமே உள்ள வீட்டில் 4கே பெட்டியை மாட்டுவோர், இருபது புள்ளிகளில் ஏறக்குறைய பத்தொன்பதைப் பெட்டி தானே ஊகித்து நிரப்பிக்கொள்ளும் படத்தையே பார்க்கின்றனர்.

திரையின் அளவை நிர்ணயிப்பது பணப்பையன்று, இருக்கைக்கும் சுவருக்கும் இடையேயுள்ள தூரமே. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள கோணத்துக்குக் குறைந்த நுணுக்கத்தை ஆரோக்கியமான கண் பிரித்தறிவதில்லை என்னும் கணக்கின்படி, 43 அங்குலத் திரையில் சாதாரண கேபிள் படத்தின் வரிகள் ஒன்றோடொன்று கலந்து சீரான படமாகத் தோன்றுவதற்குப் பத்தரை அடி தூரம் வேண்டும். அதே திரையில் முழு ஹெச்.டி. படத்துக்கு ஐந்தரை அடியே போதும். 4கே படத்தின் சிறப்பை முழுதும் நுகர விரும்புவோர் மூன்று அடிக்கும் நெருங்கி உட்கார நேரும். 55 அங்குலத் திரையில் கேபிள் படத்துக்கு வேண்டிய தூரம் பதின்மூன்றடியைத் தாண்டிவிடுகிறது. சுனாமிக்குப் பின் இக்கரையில் எழுந்த காரை வீடுகளின் கூடம் பெரும்பாலும் பத்தடி, பன்னிரண்டடி அளவினதாய் இருக்க, எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்காருகிறவருக்கும் திரைக்கும் இடையே ஒன்பதடியே எஞ்சுகிறது என்று கொண்டால், கேபிள் மட்டும் பார்க்கும் வீட்டுக்கு 32 அங்குலமும், ஹெச்.டி. சேனலோ இணையமோ உள்ள வீட்டுக்கு 43 அங்குலமும் தக்கவை என்பது தெளிவாகும். ஒன்பதடியில் இருந்து பார்ப்பவருக்கு முழு ஹெச்.டி.க்கும் 4கேக்கும் வேற்றுமை தெரியவேண்டுமானால் திரை 69 அங்குலத்துக்கு மேற்பட்டதாய் இருக்கவேண்டும். ஆயினும் 43 அங்குலத்தில் இன்று விற்பனைக்கு வரும் நல்ல பெட்டிகள் பெரும்பாலும் 4கே வகையினவே என்பதாலும், வர்ணத் தெளிவிலும் உட்செயலியின் வேகத்திலும் அவையே மேம்பட்டிருப்பதாலும், அவற்றை வாங்குவதில் நஷ்டமில்லை; 4கே என்னும் பெயருக்காக மட்டும் அதிக விலை கொடுப்பதே தவிர்க்கத்தக்கது.

திரையின் உள்ளமைப்பில் இருவகை உண்டு. வி.ஏ. எனப்படும் வகை கறுப்பைக் கறுப்பாகவே காட்டும். அதன் ஒளிக்கும் இருளுக்கும் உள்ள விகிதம் 3000க்கு 1 என்ற அளவிலும் அதற்கு மேலும் அமைவது. ஐ.பி.எஸ். எனப்படும் வகையில் அவ்விகிதம் 1000க்கு 1 என்ற அளவிலேயே நிற்பதால் இருட்டறையில் கறுப்பு சாம்பலாகத் தோன்றினும், பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்கும் வர்ணம் மாறுவதில்லை. விளையாட்டுப் போட்டியின்போது அண்டை வீட்டாரும் வந்து கூடம் முழுவதும் பாய்விரித்து அமரும் வீட்டுக்கு இரண்டாம் வகையும், இரவில் விளக்கணைத்துத் திரைப்படம் பார்க்கும் சிறு குடும்பத்துக்கு முதல் வகையும் ஏற்றவை. எவ்வகை என்பதைப் பெட்டியின் மேலட்டை சொல்லாவிடினும், கடையில் நின்று பக்கவாட்டில் நாலடி நகர்ந்து பார்த்தால் கண்ணே சொல்லிவிடும். ஒளிக்கும் இருளுக்கும் உள்ள வேற்றுமையை விரித்துக் காட்டுவதாகிய ஹெச்.டி.ஆர். என்னும் முத்திரையை இவ்விலையில் பெரிதாகக் கருதவேண்டியதில்லை. அதன் மெய்யான பயனுக்கு வேண்டிய பிரகாசம் இப்பெட்டிகளில் இருப்பதில்லை.

கடையில் ஓடும் மாதிரிப் படம் எந்தப் பெட்டியையும் அழகாகக் காட்டும்படி தயாரிக்கப்பட்டது. எனவே சாதாரண கேபிள் சேனல் ஒன்றை வைத்துக் காட்டும்படி கேட்பதும், வீட்டிலிருந்து பென்டிரைவில் கொண்டுபோன பழக்கமான படத்தை ஓடவிட்டுப் பார்ப்பதும், ரிமோட்டை வாங்கித் தமிழில் தேடிப் பார்த்து உட்செயலியின் சுறுசுறுப்பை அறிவதும் பயனுள்ள சோதனைகள். 2019 ஜனவரி முதல் 32 அங்குலம் வரையுள்ள பெட்டிகளுக்கு 18 விழுக்காடும் அதற்கு மேற்பட்டவற்றுக்கு 28 விழுக்காடுமாக இருந்த சரக்கு மற்றும் சேவை வரி, 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா அளவுகளுக்கும் 18 விழுக்காடாக்கப்பட்டது. வரிக்கு முன் 25,000 ரூபாய் பெறும் 43 அங்குலப் பெட்டி 32,000 ரூபாயிலிருந்து 29,500 ரூபாய்க்கு இறங்க வழி ஏற்பட்டது. விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 அன்று முடிந்து, கையில் மீண்டும் வருமானம் சேரத் தொடங்கும் வேளையில் ஆடித் தள்ளுபடியும் வந்துவிடுவதால், மீனவக் குடும்பங்களுக்கு அதுவே வாங்கும் பருவமாக அமைதல் இயல்பு. அப்பருவத்தின் ஆரவாரத்திலும் ஒரு கேள்வியை விட்டுவிடலாகாது: பழுதுபார்க்கும் நிறுவன ஊழியர் புதுச்சேரியிலிருந்தோ கடலூரிலிருந்தோ கிராமத்துக்கே வருவாரா, அல்லது பெட்டியைச் சுமந்துகொண்டு நாம் போகவேண்டுமா? திரைப் பலகம் ஒன்றை மாற்றும் செலவு புதிய பெட்டியின் விலையை நெருங்குமாதலால், ஆயிரம் ரூபாய்த் தள்ளுபடியைவிடப் பலகத்துக்கு இன்னும் ஓராண்டு உத்தரவாதம் அதிக மதிப்புடையது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவெண் பெட்டியின் மேல் இருப்பதையும், வரி எண்ணுடன் கூடிய ரசீது கைக்கு வருவதையும் கவனித்தல் வேண்டும். பிற்பாடு நுகர்வோர் ஆணையத்தை நாட நேர்ந்தால், குறை தோன்றிய நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் முறையிட அந்த ரசீதே ஆதாரம்.

பெட்டி வீட்டுக்கு வந்தபின் செய்யத்தக்க திருத்தங்கள் செலவில்லாதவை. ஆனால் பலர் செய்வதில்லை. தொழிற்சாலையிலிருந்து வரும்போது பெரும்பாலான பெட்டிகள் கடையின் வெளிச்சத்தோடு போட்டியிடத்தக்க ‘விவிட்’ முதலிய முறைகளில், நீலம் மிகுந்த வெண்மையோடும் உச்சப் பிரகாசத்தோடும் வருகின்றன. ‘சினிமா’ அல்லது ‘மூவி’ எனப்படும் முறைக்கு மாற்றினால் முதல் நாள் படம் மங்கி மஞ்சளானதுபோல் தோன்றும். இரண்டொரு நாளில் கண் பழகியபின், மனித முகங்களின் நிறம் இயற்கையாய் இருப்பதும் நெடுநேரம் பார்த்தாலும் கண் களைப்படையாமல் இருப்பதும் புலப்படும். கூர்மை அளவை மிகக் குறைத்துவிடவேண்டும். கேபிள் படத்தில் உருவங்களைச் சுற்றித் தெரியும் வெள்ளைக் கோடு அதனால் பெரும்பாலும் மறையும். அசைவை மெழுகிக் காட்டும் வசதியை நிறுத்தினால் திரைப்படம் நாடகப் பதிவுபோல் தோன்றும் குறை நீங்கும். பின்னொளியை அறைக்கு வேண்டிய மட்டும் வைப்பது கண்ணுக்கு இதம் தருவதோடு, மின்சாரத்தையும் மிச்சப்படுத்தி விளக்குகளின் ஆயுளையும் நீட்டிக்கிறது. 80 வாட் இழுக்கும் பெட்டி நாளைக்கு ஆறு மணி நேரம் ஓடினால் மாதம் சுமார் 14 யூனிட் செலவாகிறது.

படத்தின் வடிவத்தைப் பற்றி ஒரு சொல் அவசியம். பழைய கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படங்கள் ஏறக்குறைய நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் எடுக்கப்பட்டவை. அவற்றை அகன்ற திரை முழுவதும் இழுத்துப் பரப்பினால், ஒளிப்பதிவாளர் அரும்பாடுபட்டு அமைத்த சட்டகம் சிதைந்து, நடிகர்களின் அங்கங்களெல்லாம் பருத்துத் தோன்றும். இருபுறமும் கறுப்புப் பட்டை விழுவதைக் குறையென்று எண்ணாமல் 4:3 என்னும் அமைப்பில் விட்டுவிடுவதே அக்கலைஞர்களுக்குச் செய்யும் நியாயம். அவ்வாறே, தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாகிய ‘ராஜராஜ சோழன்’ (1973) போன்றவற்றில் மேலும் கீழும் தோன்றும் பட்டைகளும் படத்தின் உரிமையான பகுதியே.

மெல்லிய பெட்டிகளின் ஒலி பொதுவாக வலுவற்றது. ஒலிபெருக்கிகள் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ அமைந்திருப்பதே காரணம். மின்விசிறி சுழலும் கூடத்தில் வசனம் விளங்காதபோது ஒலியை மேலும் கூட்டுவதைவிட, ‘கிளியர் வாய்ஸ்’ போன்ற அமைப்பைத் தேர்வது நலம். அதுவும் போதாதாயின் ‘ஏ.ஆர்.சி.’ எனக் குறிக்கப்பட்ட ஹெச்.டி.எம்.ஐ. துளையில் ஒரு சிறு சவுண்ட்பாரை இணைக்கலாம்.

கடற்கரை வீட்டுக்கே உரிய பகை உப்பு. அலை நுரையிலிருந்து காற்றில் கலந்து வரும் நுண்ணிய உப்புத் துகள் மின்பலகைகளின் மேல் படிந்து, ஈரத்தை உறிஞ்சி, செம்பு இணைப்புகளை மெல்ல அரிக்கிறது; திரையில் மேலிருந்து கீழாக நிலையான கோடுகள் தோன்றுவதற்குப் பல சமயங்களில் ஓரத்திலுள்ள மெல்லிய இணைப்பு நாடாக்களில் நேரும் இவ்வகைச் சீர்கேடே காரணமாகிறது. பெட்டியைக் கிழக்குச் சன்னலுக்கு நேரெதிரே மாட்டாமல் பக்கச் சுவரில் மாட்டினால், கொண்டல் காற்று நேரே உள்ளே புகுவதும் மணல்வெளியின் பிரதிபலிப்புத் திரையில் விழுவதும் ஒருங்கே தவிர்க்கப்படும். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவருக்கும் பெட்டிக்கும் இடையே காற்றோட இடம் வேண்டும். ஓடும் பெட்டியின் உட்சூடு ஈரத்தை அகற்றுமாதலால், உபயோகமின்றி மாதக்கணக்கில் மூடிவைப்பதைவிடத் தினமும் சிறிது நேரம் ஓடவிடுவது நல்லது. திரையைத் துடைக்க, மின்சாரத்தை நிறுத்தியபின் சற்றே நனைத்துப் பிழிந்த மென்துணி போதும். கண்ணாடி துடைக்கும் திரவங்கள் மேற்பூச்சைக் கெடுத்துவிடும்.

ஃப்ரீ டிஷ் சேவை 93.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலுள்ள ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருவதால், அதன் டிஷ் பனித்திட்டிலிருந்து தென்கிழக்கே, அதாவது கடலின் பக்கமாகவே, நோக்கவேண்டியிருக்கிறது. குறுக்கே தென்னை இல்லாதவரை தடையேதுமில்லை. ஆனால் உப்புக்காற்றையும் அது முகத்திலேயே வாங்கிக்கொள்கிறது. துருப்பிடியா எஃகுத் திருகாணிகளும், கம்பி இணையும் இடத்தில் ரப்பர் உறையும் சில பத்து ரூபாய்ச் செலவில் பல ஆண்டுகளைக் காப்பவை. இச்சேவையில் டிடி தமிழ் உண்டு. தமிழ்த் தனியார் சேனல்கள் சிலவே.

ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் அலைநீளமுள்ள அந்த டிஷ் சமிக்ஞையைப் பெருமழை உறிஞ்சிவிடுகிறது. கேபிளோ மின்சாரம் நின்றவுடன் நின்றுவிடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் இப்பிரதேசத்தைத் தாக்கியபோது, செய்தி மிகத் தேவைப்பட்ட வேளையில் வீட்டுத் திரைகள் இருண்டே கிடந்தன. அண்டைக் கிராமமாகிய நல்லவாட்டில் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியிலிருந்து மக்களைக் காத்தது சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பும், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையத்திலிருந்து ஒலித்த ஒலிபெருக்கியுமேயன்றி, எந்தப் பெட்டியுமன்று. ஆகவே புதுச்சேரி வானொலியைப் பிடிக்கும் பேட்டரி டிரான்சிஸ்டர் ஒன்றை எத்துணை நல்ல தொலைக்காட்சி உள்ள வீட்டிலும் வைத்திருத்தல் அவசியம். இடி முழங்கும் நேரத்தில் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. மின்செருகியோடு கேபிள் அல்லது டிஷ் கம்பியையும் கழற்றிவிடவேண்டும், ஏனெனில் மின்னலின் தாக்கம் பெரும்பாலும் அக்கம்பிகளின் வழியேதான் உட்புகுகிறது. தற்காலப் பெட்டிகளில் பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ட் வரை தாங்குமாதலால் குறைந்த மின்னழுத்தத்துக்கெனத் தனி ஸ்டெபிலைசர் அவசியமில்லை. திடீர் எழுச்சியைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டரும் முறையான எர்த் இணைப்புமே தேவை. ஃபெஞ்சலையடுத்து தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பகுதிக் கிராமங்களில் வெள்ளம் புகுந்தது. நீர்பட்ட பெட்டியை உலர்ந்ததுபோல் தோன்றுவதை நம்பி இயக்கிவிடாமல், மெக்கானிக் திறந்து பார்த்தபின்னரே இயக்கவேண்டும்.

ஒலி கேட்டுப் படம் மட்டும் இருண்டுபோனால், டார்ச் விளக்கைத் திரையில் அடித்துச் சாய்வாகப் பார்க்கவேண்டும். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் பழுதானது பின்னொளி. அந்த விளக்குப் பட்டைகளை உள்ளூர் மெக்கானிக்கே குறைந்த செலவில் மாற்றித் தருவார். இவ்வாறு பின்னொளி மட்டும் பழுதாகியும் ஆயுள் முடிந்ததென்று எறியப்படும் பெட்டிகள் பல. உட்செயலி மந்தமாகிப் புதிய செயலிகளை ஏற்க மறுக்கும்போதும் திரை நன்றாயிருந்தால், ஹெச்.டி.எம்.ஐ. துளையில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்று பெட்டிக்கு மேலும் சில ஆண்டுகளைத் தரும். பரணில் கிடக்கும் பழைய குழாய்ப் பெட்டியை மட்டும் உடைத்துப் போடலாகாது; அதன் கண்ணாடியில் ஈயம் கலந்திருப்பதால், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ, புதிய பெட்டி வாங்கும்போது எக்ஸ்சேஞ்ச் முறையில் கடையிலோ அதை ஒப்படைக்கவேண்டும்.