அம்மைப்பாலும் பெற்றோரின் மறுப்பும்

திருவதிகையில் திலகவதியார் தந்த திருநீற்றால் அப்பரின் சூலை தீர்ந்த கதையைப் பெரியபுராணம் படித்தோர் அறிவர். நோயும் மருந்தும் தெய்வத்தின் கையில் என்ற அந்நம்பிக்கை பெரியம்மையில் இன்னும் அழுத்தமாக நின்றது. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகி, ‘அம்மா வந்திருக்கிறாள்’ என்றார்கள். வந்தவளை ஊசியால் விரட்டுவதா? வடக்கே அவள் பெயர் சீதளை, தயக்கம் ஒன்றே.

இந்த மண்ணில்தான் ஆங்கில அரசு 1880இல் தடுப்பூசிச் சட்டம் இயற்றியது. குறிப்பிட்ட நகராட்சிகளுக்கும் படைமுகாம்களுக்கும் மட்டுமே அது பொருந்தும். ஆறு மாதம் நிரம்பிய பிள்ளைக்கு அம்மைப்பால் வைத்தாக வேண்டும். உடல்நிலை சரியில்லையென்று சான்று பெற்றால் தள்ளிப்போடலாம். மனம் ஒப்பவில்லை என்பதற்கு அதில் இடமில்லை.

இங்கிலாந்தில் 1853 முதல் கட்டாயம் இருந்தது. பெற்றோர் பல்லாண்டு போராடி, 1898இல் மனச்சான்றின் பேரில் விலக்குக் கோரும் உரிமையைப் பெற்றனர். (பிற்காலத்தில் போருக்குச் செல்ல மறுத்தோரைச் சுட்டிய ‘மனச்சான்றின்படி மறுப்போர்’ என்னும் தொடர் பரவலானது இந்த அம்மைப்பால் சண்டையில்தான்.) தம் நாட்டுப் பெற்றோருக்குத் தந்ததை ஆட்சியாளர் இங்குள்ளோருக்குத் தரவில்லை. இத்தனைக்கும் பெரியம்மையை ஒழித்தது அந்த ஊசிதான். அதில் எனக்கு ஐயமில்லை. உறுத்துவது இந்தப் பாரபட்சமே.

2017 பிப்ரவரியில் தமிழகப் பள்ளிகளில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போடப்பட்டபோது, வாட்ஸப் வதந்திகளால் பெற்றோர் பலர் அஞ்சினர். பெற்றோர் ஒப்புதல் தேவையில்லை என்ற அறிவிப்பைத் தில்லி உயர்நீதிமன்றம் 2019 ஜனவரியில் ரத்து செய்தது. ஜேக்கப் புலியல் வழக்கில் 2022 மே 2 அன்று உச்சநீதிமன்றம், எவருக்கும் வலிந்து ஊசி போடலாகாது என்றது. பொதுநலன் கருதி அரசு தகுந்த கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்பதையும் சேர்த்தே சொன்னது.