திருமழிசை சந்தையும் பி.எஸ்சி மேத்ஸும்: 'இதெல்லாம் எங்க சார் யூஸ் ஆகும்?'

பி.எஸ்சி மூன்றாம் ஆண்டு கணித வகுப்பில் ஒருமுறையாவது எழும் கேள்வி இது. பதில் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். பூந்தமல்லியை அடுத்த திருமழிசையில் 2020-ல் நடந்ததைப் பார்த்தாலே போதும்.

என்ன நடந்தது?

கோயம்பேடு சந்தையில் கொரோனா பரவியதால், 2020 மே 5-ம் தேதி அது மூடப்பட்டது. அங்கிருந்து ஊர் திரும்பியவர்கள் வழியாக கடலூர், விழுப்புரம், அரியலூர் வரை தொற்று போனது. காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. அங்கே போடப்பட்டவை சுமார் 200 கடைகள்தான். சில்லறையாக வாங்க பொதுமக்களுக்கு அனுமதி இல்லை.

ஒரு சந்தையை மூடினால் மாநிலமே தப்பிக்குமா என்று அப்போது பலரும் கேட்டார்கள்.

வகைக்கெழு சமன்பாடு சொல்வது என்ன?

தொற்று வாய்ப்புள்ளவர், தொற்றியவர், குணமானவர் என மக்களை மூன்றாகப் பிரிக்கும் சமன்பாடுகளை கெர்மக், மெக்கென்ட்ரிக் இருவரும் 1927-ல் எழுதினார்கள். 2020-ல் எல்லோர் வாயிலும் அடிபட்ட 'ஆர்' எண் இந்த வழியில் வந்ததுதான். ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குப் பரப்புகிறார் என்பதே அது. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் சிதாப்ர சின்ஹா, நாட்டுக்கும் மாநிலங்களுக்கும் இதைத் தொடர்ந்து கணக்கிட்டு வந்தார்.

100 நோயாளிகளோடு தொடங்குவோம். ஆர் 1.2 என்றால் பத்தாவது சுற்றில் மட்டும் சுமார் 619 பேருக்குப் புதிதாகத் தொற்றும். 0.9 என்றால் வெறும் 35 பேர். சின்ன வித்தியாசம்தானே என்று விட்டுவிட முடியாது!

சந்தையை மட்டும் மூடினால் போதுமா?

இங்கேதான் மாணவர்கள் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகும் ஐகன் மதிப்பு வருகிறது. ஒரு கற்பனைக் கணக்கு: சந்தையில் தொற்றிய ஒருவர் சந்தைக்குள் 2 பேருக்கும், வெளியே ஒருவருக்கும் பரப்புகிறார். வெளியே தொற்றியவர் வெளியே 0.8 பேருக்குப் பரப்புகிறார், சந்தைக்குள் யாருக்கும் இல்லை. இந்த நான்கு எண்களை அணியாக எழுதினால், அதன் பெரிய ஐகன் மதிப்புதான் மொத்த ஆர். விடை 2. ஊர் முழுக்க 1-க்குக் கீழே இருந்தாலும் ஒரே ஒரு இடம் எல்லாவற்றையும் இழுத்துப் போகிறது. சந்தையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 0.8. தொற்று மெல்ல அடங்கும்.

கேட்டில் கூட்டம் ஏன் திடீரென்று குவிகிறது?

இது வரிசைக் கோட்பாடு. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் 1909-ல் தொடங்கி வைத்தது. ஒரு கேட் மணிக்குச் சராசரியாக 60 வண்டிகளை உள்ளே விடும் என்று வைப்போம். வண்டிகள் முன்பின்னாக, மணிக்கு 50 வந்தால் கேட்டில் சராசரியாக 5 வண்டி நிற்கும். 57 வந்தால் 19. 59 வந்தால் 59! கடைசி இரண்டு வண்டிகள் செய்யும் வேலை இது. வண்டிகள் வரும் நேரத்தைப் பிரித்துக் கொடுப்பது ஏன் என்பது இப்போது புரியும்.

எந்த ஊர் லோடு எந்தச் சந்தைக்குப் போனால் வாடகை குறையும் என்பது, ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பேப்பரில் வரும் போக்குவரத்துக் கணக்கு. வோகல் முறையில் போட்டு மார்க் வாங்கும் அதே கணக்குதான். இந்தத் துறைக்கு அடித்தளம் போட்ட கான்டரோவிச்சும் கூப்மன்ஸும் 1975-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார்கள்.

சமன்பாட்டில் வராததும் உண்டு. மழை பெய்து திருமழிசை வளாகம் சேறானபோது வியாபாரிகள் பட்ட பாடு எந்த அணியிலும் இல்லை. காய்கறிச் சந்தை 2020 செப்டம்பர் 28-ல் கோயம்பேட்டுக்கே திரும்பியது.