கிட்டார் பெருத்த கதை

பேத்தி மடியிலுள்ள சின்ன கிட்டாரைப் படத்தில் பார்த்துவிட்டு, "விளையாட்டுச் சாமானா சார்?" என்று சிலர் கேட்டீர்கள். இல்லை. ஒரு காலத்தில் கிட்டாரே ஏறக்குறைய அந்த அளவுதான்.

1833இல் ஜெர்மனியிலிருந்து நியூயார்க் போன மார்ட்டின் செய்தவை சிறிய உடலும் குடல் தந்தியும் கொண்டவை. கூடத்தில் நாலு பேர் கேட்க அது போதும். மேடையில் பான்ஜோவுக்கு நடுவே அமுங்கிவிடும்; மைக் கிடையாதே. அதனால் உடல் பெருத்தது, எஃகுத் தந்தியும் வந்தது. 1916இல் அந்தக் கம்பெனி செய்த பெரிய கிட்டாருக்குப் போர்க்கப்பலின் பெயர்: டிரெட்நாட். (வாத்தியத்துக்கு வைக்கிற பேரா இது?)

நம் பக்கம் மெல்லிசைக் குழுக்கள் வந்தபோது மைக்கும் கூடவே வந்துவிட்டது. பங்குனிப் பொங்கல் மேடையில் கிட்டார் பருமனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பண்ணைப்புரத்து இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம் கேட்டவர். லண்டன் டிரினிட்டி தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியது கிளாசிக்கல் கிட்டாருக்கு. அது டிரெட்நாட்டை விடச் சிறியது. 1982இல் 'இளைய நிலா' பாட்டைக் கேட்டு கிட்டார் ஆசை பிடித்தவர்கள் உங்களிலேயே உண்டு. சத்தத்துக்காகவா? விரல் நடந்த நடைக்காகத்தானே!

ஆகவே பிள்ளைகளுக்குக் கைக்கு அடங்குவதையே வாங்குங்கள். நம் அருப்புக்கோட்டை, திருச்சுழி வெயிலில் மரம் ஈரம் வற்றிச் சுருங்கி விரிசல் விடும். தகரக் கூரைக்கு அடியில் வைக்காதீர்கள். பெட்டிக்குள் ஓட்டை போட்ட சோப்பு டப்பாவில் நன்றாகப் பிழிந்த ஈரத்துணி வையுங்கள். நைலான் தந்திக் கிட்டாரில் எஃகுத் தந்தி மாட்டினால் பிரிட்ஜே பெயர்ந்து வந்துவிடும்.