வெடிமருந்தும் சாட்சியமும்: எம்16 துப்பாக்கித் தோட்டா மாற்றத்தில் படைவீரரின் சொல் பெற்ற இடம்

1967 மே மாதம், நியூஜெர்சி உறுப்பினர் ஜேம்ஸ் ஹோவர்டு அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில் ஒரு கடிதத்தை முன்வைத்தார். வியத்நாமில் இருந்த மரைன் படைவீரர் ஒருவர் வீட்டுக்கு எழுதிய கடிதம் அது. 72 பேராகப் புறப்பட்ட தம் பிளாட்டூன் 19 பேராகத் திரும்பியதை அவர் எழுதியிருந்தார். தம்மவர் பலரைக் கொன்றது தங்கள் கையிலிருந்த துப்பாக்கியே என்றும், இறந்தவர்களின் அருகில் அவரவர் துப்பாக்கி பிரிக்கப்பட்ட நிலையில் கிடந்தது என்றும் சொன்னார். சண்டை நடுவே அதைச் சரிசெய்ய முயன்று கொண்டிருக்கும்போதே அவர்கள் சுடப்பட்டிருக்கிறார்கள்.

இப்படியொரு கடிதத்தை ஆய்வாளர் எப்படிப் படிப்பது? நண்பர்களை இழந்தவரின் துயரம் என்று ஒதுக்கலாம். ஒருவர் கண்ட காட்சி மொத்தப் படைக்கும் பொருந்தாது என்று கணக்குப் பேசலாம். அன்றைய அதிகாரிகள் இவ்விரண்டையும் செய்தார்கள். படைவீரர்களின் இத்தகைய கூற்றுகள் பொறியியல் சான்றுகளுக்கு நிகரானவை என்பதும், அவை ஒன்றுக்கொன்று முரண்படும் இடத்தில்தான் அவற்றின் மதிப்பு மிகுகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம். வீரர்கள் முரண்பட்டுப் பேசுகிறார்கள் என்றால், ஆய்வகம் அளக்காமல் விட்ட ஏதோ ஒன்று களத்தில் மாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த, பின்னர் எம்16 எனப்பட்ட ஏஆர்-15 துப்பாக்கியும் அதன் 5.56 மி.மீ. தோட்டாவும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்யப்பட்டவை. தோட்டாவில் டியூபான்ட் நிறுவனத்தின் ஐஎம்ஆர் 4475 என்ற வெடிமருந்து இருந்தது. சிறுசிறு குழல் துணுக்குகளாக வெட்டப்பட்ட மருந்து அது. 1962இல் சுமார் ஆயிரம் துப்பாக்கிகள் சோதனைக்காக வியத்நாமுக்குப் போனபோது இந்த மருந்தோடுதான் போயின. வந்த அறிக்கைகள் துப்பாக்கியைப் பெரிதும் புகழ்ந்தன. 1963இல் பாதுகாப்புச் செயலர் மக்னமாரா இதைப் பெருமளவில் வாங்க முடிவெடுத்தபோது, தோட்டாவுக்கு எழுத்துபூர்வமான அளவுகோல் தேவைப்பட்டது. குண்டின் வேகம் விநாடிக்கு 3,250 அடி, அறை அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 52,000 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று வகுத்தார்கள். பெருமளவு உற்பத்தியில் ஐஎம்ஆர் 4475 இவ்விரண்டையும் ஒருசேர நிறைவேற்றத் திணறியது. வேகத்தை எட்டினால் அழுத்தம் எல்லை மீறியது.

1964இல் மாற்று மருந்துகள் ஏற்கப்பட்டன. அவற்றுள் நிலைத்தது ஓலின் நிறுவனத்தின் டபிள்யூசி846 என்ற உருண்டை மருந்து. ராணுவத்துக்கு இது புதிதல்ல, 7.62 மி.மீ. தோட்டாக்களில் நன்றாகவே வேலை செய்து வந்தது. விரைவாகவும் பேரளவிலும் தயாரிக்க முடிந்தது. மாற்றியவர்களிடம் தீய நோக்கம் இருந்தது என்று காட்ட எனக்குச் சான்று தென்படவில்லை. அவர்கள் தேடியது தாளில் எழுதப்பட்ட இரண்டு எண்களை நிறைவு செய்யும் மருந்தை. அது கிடைத்தது. ஆனால் துப்பாக்கிக்குள் நடப்பது அந்த இரண்டு எண்களில் அடங்கவில்லை.

இங்கே துப்பாக்கியின் உள்ளே சற்று நின்று பார்க்க வேண்டும். தோட்டா வெடித்ததும் பித்தளைக் கூடு விரிந்து, தோட்டா அமரும் அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. குண்டு வெளியேறி அழுத்தம் தணிந்த பிறகே கூடு சற்றுச் சுருங்கிப் பிடியைத் தளர்த்தும். அந்தத் தளர்வுக்காகக் காத்திருந்து, அறையை அடைத்து நிற்கும் போல்ட் பின்வாங்க வேண்டும். அதன் கொக்கி கூட்டின் விளிம்பைப் பற்றி வெளியே எறிய வேண்டும். போல்ட்டைப் பின்தள்ளுவது குழலிலுள்ள ஒரு சிறு துளை வழியாகப் பிரியும் வாயு. உருண்டை மருந்து எரியும் விதமே வேறு. அதன் உச்ச அழுத்தம் எல்லைக்குள் நின்றாலும், குண்டு அந்தத் துளையைக் கடக்கும் நேரத்தில் அழுத்தம் முன்னைவிடக் கூடுதலாக இருந்தது. எனவே போல்ட் முந்திக்கொண்டு, முன்னைவிட வேகமாகப் பின்வாங்கியது. கூடு இன்னும் சுவரை விடவில்லை. கொக்கி விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்; கூடு அறையிலேயே நிற்கும். நிமிடத்துக்கு 850 சுற்றுக்கு மிகக் கூடாது என்று வகுத்திருந்த சுடும் வேகம் பல துப்பாக்கிகளில் அதைக் கடந்தது. மருந்தில் அமிலத்தைச் சமன்செய்யச் சேர்க்கப்பட்ட கால்சியம் கார்பனேட் வேறு வாயுக் குழாயில் படிந்து அடைத்தது.

ஈரப்பதம் மிகுந்த காட்டில் குரோமியம் பூசாத அறை துருப்பிடித்துக் குழிகள் விழுந்தது. விரியும் பித்தளை அந்தக் குழிகளில் பதிந்துகொண்டது. பசிபிக் போரில் கற்ற பாடத்தால் முந்தைய எம்14 துப்பாக்கியின் அறைக்குக் குரோமியம் பூசியவர்கள், இதற்குப் பூசவில்லை. சிக்கிய கூட்டை எடுக்க வீரருக்கு இருந்த வழி ஒன்றே. சுத்தம் செய்யும் கம்பியின் துண்டுகளைத் திருகி இணைத்து, குழல் வாய் வழியாக உள்ளே செலுத்தி, கூட்டைப் பின்புறமாகத் தட்டித் தள்ள வேண்டும். முன்னூறு ஆண்டுகளுக்கு முந்தைய மஸ்கெட்காரர் கம்பியால் மருந்தை இடித்த அதே அசைவு. அந்தக் கம்பியும் எல்லோரிடமும் இல்லை. இருந்தவர்கள் அதை முன்னதாகவே இணைத்துத் துப்பாக்கியோடு நாடாவால் ஒட்டி வைத்துக்கொண்டார்கள். கையேட்டில் இல்லாத இந்தப் பழக்கத்தை நான் ஓர் அறிக்கையாகவே வாசிக்கிறேன். எந்தக் கோளாறு, எத்தனை அடிக்கடி நேரும் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள் என்பதை அந்த ஒட்டுநாடா சொல்லிவிடுகிறது.

1967இல் ரிச்சர்டு ஐகார்ட் தலைமையில் அமைந்த பிரதிநிதிகள் அவைத் துணைக்குழு கேட்ட சாட்சியங்களுள் கனமானது தொழிற்சாலையைப் பற்றியது. உருண்டை மருந்துத் தோட்டாவை இட்டுச் சோதித்தால் பல துப்பாக்கிகள் சுடும் வேக வரம்பில் தேறாது என்று, துப்பாக்கியைத் தயாரித்த கோல்ட் நிறுவனம் முறையிட்டிருந்தது. ஏற்புச் சோதனையைப் பழைய வகை மருந்தைக் கொண்டு நடத்த அனுமதி கிடைத்தது. அப்படித் தேறிய துப்பாக்கிகள் வியத்நாம் சென்று, பெரும்பாலும் உருண்டை மருந்துத் தோட்டாவைச் சுட்டன. சோதனைச் சாலையின் எண்கள் பொய்யல்ல. வீரர் கையில் இருந்த துப்பாக்கியையும் தோட்டாவையும் சேர்த்து அவை அளக்கவில்லை, அவ்வளவே. ஸ்டோனரும் சாட்சி சொன்னார். மருந்து மாற்றம் பற்றித் தம் கருத்தைக் கேட்டது முடிவெடுத்த பிறகுதான் என்பதை அவர் மறைக்கவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த அறிக்கை, கோளாறுகளின் முதன்மைக் காரணமாக மருந்து மாற்றத்தையே சுட்டியது; பொறுப்பிலிருந்தோரின் அலட்சியம் குற்றத்தின் விளிம்பைத் தொடுவதாகக் கண்டித்தது.

இனி எதிர்வாதம். 1965 நவம்பரில் வியத்நாமின் யா ட்ராங் பள்ளத்தாக்கில் போரிட்ட அமெரிக்கத் தரைப்படை அதிகாரி ஹால் மூர் இதே துப்பாக்கியை உயர்த்திக் காட்டிப் புகழ்ந்தார். அதன் பின்னரே தளபதி வெஸ்ட்மோர்லாந்து அவசரமாக மேலும் கேட்டார். ஓராண்டு கழித்து அதே துப்பாக்கி சாபம் பெறுகிறது. இந்த முரணைக் கண்ட ராணுவம், சுத்தம் செய்யத் தெரியாத வீரர்மீது பழியைப் போட்டது. அதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். மூரின் வீரர்கள் அந்தத் துப்பாக்கியோடு பழகிப் பயின்றவர்கள். மரைன்களோ 1967 வசந்தத்தில் எம்14ஐக் கொடுத்துவிட்டு இதை வாங்கிய சில வாரங்களில் கே சான் குன்றுகளில் ஏறியவர்கள். அறையின் வயது, துரு, பயிற்சி, எண்ணெய், மருந்து எல்லாம் இரு களங்களிலும் வேறு வேறு. முரண்பட்ட இரண்டு சாட்சியங்களையும் உண்மை என்று ஏற்றால், எது மாறியது என்ற கேள்வி தானே எழுந்திருக்கும். ஒன்றைப் பொய் என்று தள்ளியதால் அந்தக் கேள்வி தள்ளிப்போனது.

ஆய்வுலகமும் இதில் பிரிந்தே நிற்கிறது. ஜேம்ஸ் ஃபாலோஸ் 1981இல் இதைப் படைக்கல அதிகாரவர்க்கத்தின் பகைமைக் கதையாக எழுதினார். தாமஸ் மக்நாகர் நிறுவனங்களின் பழக்கத்திலும் அவசரத்திலும் காரணம் தேடினார். சி. ஜே. சிவர்ஸ் 2010இல் வெளியிட்ட 'தி கன்' நூலில் வீரர்களின் நினைவுகளுக்கே முதலிடம் தந்தார். என் சார்பு மூன்றாமவர் பக்கம். ஆனால் நினைவை வெறும் துயரக் கதையாக மட்டும் வைப்பது அதன் தொழில்நுட்ப மதிப்பைக் குறைத்துவிடும் என்ற கவலையும் உண்டு.

முரண்படும் இடத்தில்தான் சாட்சியத்தின் மதிப்பு மிகுகிறது என்ற வாதத்துக்கு வலுவான துணை பின்னொரு தோட்டா மாற்றத்தில் கிடைக்கிறது. 1980இல் நேட்டோ தரப்படுத்திய எஸ்எஸ்109 குண்டை அமெரிக்கப் படை எம்855 என்று ஏற்றது. எடை 55 கிரெயினிலிருந்து 62ஆகியது; உள்ளே எஃகு முனை வந்தது; தொலைவில் தலைக்கவசத்தைத் துளைப்பது அதன் குறிக்கோள். 1993இல் சோமாலியாவின் மொகடிஷு தெருக்களில் போரிட்ட சிலர், குண்டு ஆளை ஊடுருவிச் சென்றும் அவர் விழவில்லை என்றனர். ஆப்கானிஸ்தானிலும் இராக்கிலும் அதே புகார். வேறு பலர் குறையே காணவில்லை. 2006இல் வெளியான ராணுவ ஆய்வு முடிவுகள் இருசாராரும் உண்மையே சொன்னதைக் காட்டின. குழலை விட்டுப் பறக்கும் குண்டு சற்றே தள்ளாடுகிறது. இலக்கைத் தொடும் கணத்தில் அதன் மூக்கு சாய்ந்திருந்தால் உள்ளே விரைவில் கவிழ்ந்து உடைகிறது; நேராக இருந்தால் ஊசி போலக் கடந்துவிடுகிறது. ஒரே பெட்டித் தோட்டா, ஒரே வகைத் துப்பாக்கி; இருந்தும் துப்பாக்கிக்குத் துப்பாக்கி சாய்வு வேறுபட்டது. சராசரி எடுத்த சோதனைகளில் மறைந்துபோன இந்த வேறுபாடு, முரண்பட்ட புகார்களில் பல ஆண்டுகளாக வெளிப்படையாகக் கிடந்தது. 2010இல் ஆப்கானிஸ்தான் சென்ற எம்855ஏ1 குண்டு, சாய்வு எதுவானாலும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்றே வடிவமைக்கப்பட்டது.

வீரரின் சாட்சியத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. அதைச் சொல்லாமல் நகர்வது நேர்மையாகாது. துப்பாக்கி சிக்கியது என்பது அவர் கையறிந்தது. எதிரி விழவில்லை என்பது அச்சத்தின் நடுவே, புகையின் ஊடே கண்டது. பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் 1895இல் நடந்த சித்ரால் படையெடுப்பில் பிரிட்டிஷ் வீரர்கள் புதிய .303 குண்டைப் பற்றி இதையே சொன்னார்கள். அந்தப் புகாரின் பேரில் கல்கத்தா அருகே டம்டம் படைக்கலச் சாலையில் மேலுறை முனை திறந்த குண்டு உருவானது. 1899 ஹேக் பிரகடனம் உடலில் விரியும் குண்டுகளைத் தடைசெய்தது. அந்தக் குண்டுகளைத் தாங்கிய எல்லைப்புற மக்களின் கூற்று எந்தப் படைக்கல அறிக்கையிலும் சாட்சியமாக ஏறவில்லை. புகாருக்கு உடனே செவிசாய்த்த அரிய தருணம், செவிசாய்க்கத் தயங்கியிருக்க வேண்டிய தருணமாகவும் இருந்தது.

ஆகவே சிக்கிய துப்பாக்கி பற்றிய கூற்றையும், விழாத எதிரி பற்றிய கூற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. முதலாவதைச் சரிபார்க்க வழி அன்றே இருந்தது. தோட்டா வரும் இரும்புப் பெட்டிமேல் தயாரிப்புத் தொகுதி எண் அச்சிடப்பட்டிருக்கும். அதிலிருந்து ஆலையையும் மருந்தையும் கண்டுகொள்ளலாம். துப்பாக்கியிலும் வரிசை எண் உண்டு. புகாரோடு இவ்விரண்டையும் சேர்த்துக் குறித்து அனுப்ப ஒரு படிவம் இருந்திருந்தால் போதும். 1967 மே மாதத்தில் அந்த மரைன் வீரருக்குக் கிடைத்த வழி, வீட்டுக்குக் கடிதம் எழுதுவது.