பிள்ளையின் கையில் இருப்பதற்கே விதி: வன்னி வகுப்பறைகளில் ஒழுக்கத்தை எழுதும் முறை

புதிய கல்வியாண்டின் முதல் வாரத்தில் அநேகமான வகுப்பறைச் சுவர்களில் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டப்படும். தாமதமாக வராதே, கதைக்காதே, ஓடாதே, சப்பாத்து இல்லாமல் வராதே, வீட்டுவேலை செய்யாமல் வராதே என்று பத்துப் பன்னிரண்டு வரிகள் அதில் இருக்கும். முதலாம் தவணை முடிவதற்குள் அந்தத் தாளை ஆசிரியரும் பார்ப்பதில்லை, பிள்ளைகளும் பார்ப்பதில்லை. ஆனால் அதில் உள்ள வரிகளுக்காகப் பிள்ளைகள் வருடம் முழுவதும் ஏச்சு வாங்குவார்கள்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் கற்பித்த காலத்தில் இவ்வாறான தாள்கள் பலவற்றை நான் வாசித்திருக்கிறேன். அவற்றில் இரண்டு வகையான வரிகள் கலந்து கிடக்கும். ஒரு வகை, பிள்ளை தானே தீர்மானிக்கக்கூடியது: மற்றவர் பேசும்போது குறுக்கிடுவது, அடுத்தவரின் பொருளை எடுப்பது, பட்டம் வைத்துக் கூப்பிடுவது. மற்றைய வகை, வீடும் வீதியும் வறுமையும் தீர்மானிப்பது: பஸ் வரும் நேரம், சப்பாத்து, கொப்பி, தோய்த்துக் காய்ந்த சீருடை. இரண்டையும் ஒரே தாளில் எழுதி இரண்டுக்கும் ஒரே தண்டனையைக் கொடுப்பதுதான் எமது வகுப்பறை ஒழுக்கத்தின் பெரிய கோளாறு என்பது எனது கருத்து. வகுப்பறை விதி பிள்ளையின் கையில் இருப்பதை மட்டுமே பிள்ளையிடம் கேட்க வேண்டும். மீதியெல்லாம் நலன்புரி விடயங்கள். அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் பெரியவர்கள்.

சட்டம் சொல்வது என்ன?

பிரம்பு பற்றிய வாக்குவாதம் ஆசிரியர் ஓய்வறைகளில் இன்னும் முடியவில்லை. கல்வி அமைச்சு தன்னுடைய நிலைப்பாட்டை எப்போதோ சொல்லிவிட்டது. 2005/17 இலக்கச் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடல் தண்டனையைத் தடைசெய்தது. பாடசாலை ஒழுக்கம் பற்றிய 12/2016 இலக்கச் சுற்றறிக்கை அதையே மீண்டும் வலியுறுத்தியது. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 28ஆம் உறுப்புரை, பாடசாலை ஒழுக்கம் பிள்ளையின் மனித கண்ணியத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. தண்டனைச் சட்டக்கோவையில் 1995இல் சேர்க்கப்பட்ட 308அ பிரிவு, சிறுவர்களைக் கொடுமைப்படுத்துவதைத் தனிக் குற்றமாக்கியது.

மறுபுறத்தில், 1883இல் ஆங்கிலேயர் எழுதிய அதே சட்டக்கோவையின் 341ஆம் பிரிவில் ஓர் உதாரணம் இடம்பெற்றது. ஆசிரியர் நியாயமான அளவில் மாணவனைப் பிரம்பால் அடித்தால் அது குற்றவியல் வன்முறை ஆகாது என்பது அதன் சாரம். "சட்டமே அனுமதிக்கிறது" என்று சொல்பவர்கள் பிடித்துக்கொள்வது அந்தப் பழைய உதாரணத்தைத்தான். அவர்கள் 2021 பெப்ரவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பையும் வாசிக்க வேண்டும். மாத்தறை மாவட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியர் அறைந்ததால் ஒரு மாணவனின் செவிப்புலன் பாதிக்கப்பட்டது. இது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை, அதாவது கொடூரமான, மனிதாபிமானமற்ற, இழிவான நடத்துகைக்கு உட்படாதிருக்கும் உரிமையை மீறியது என்று நீதிமன்றம் கண்டது. ஆசிரியர் தனது சொந்தப் பணத்தில் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் எஸ். துரைராஜா.

இந்தப் பாதையில் நாம் தனியாக நடக்கவில்லை. சுவீடன் 1979இலேயே வீட்டிலும் உடல் தண்டனையைத் தடைசெய்தது. இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு உளத் துன்புறுத்தலையும் சேர்த்துத் தடுக்கிறது.

ஆனால் தடை என்பது எதைச் செய்யக்கூடாது என்று மட்டுமே சொல்கிறது. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் திங்கட்கிழமை காலை என்ன செய்வது என்று அது சொல்வதில்லை. ஆசிரியர்களின் எரிச்சலில் நியாயம் இருப்பது இந்த இடத்தில்தான். இதற்கு உதவக்கூடிய ஓர் ஆய்வு பழையது, ஆனால் இன்னும் பயன்படுவது. ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுப்பறைகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 1970இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒழுங்கான வகுப்பின் ஆசிரியரும் குழப்பமான வகுப்பின் ஆசிரியரும் குழப்படி நடந்த பின்னர் அதைக் கையாளும் விதத்தில் பெரிதாக வேறுபடவில்லை. குழப்படி தொடங்குவதற்கு முன்னர் செய்தவற்றில்தான் வேறுபட்டார்கள். வகுப்பு முழுவதிலும் கண் வைத்திருந்தார்கள், ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு இழுபறி இல்லாமல் மாறினார்கள், பிள்ளைகளைச் சும்மா காத்திருக்க விடவில்லை.

வன்னியின் பிள்ளை யார்?

2009 மே மாதம் யுத்தம் முடிந்தபோது ஏறத்தாழ மூன்று இலட்சம் வன்னி மக்கள் செட்டிகுளம் மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் அடைபட்டிருந்தார்கள். பிள்ளைகள் தறப்பாள் கொட்டில்களில் படித்தார்கள். மெனிக் பாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். இன்று வகுப்பறையில் இருக்கும் பிள்ளைகள் யுத்தம் முடிந்த பின் பிறந்தவர்கள். ஆனால் அவர்களின் தாய் தந்தையர் அதற்குள்ளிருந்து வந்தவர்கள். இளம் ஆசிரியர்கள் பலர் அந்தக் கொட்டில்களில் மாணவர்களாக இருந்தவர்கள்.

உளமருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களைப் பற்றி 2010இல் வெளியிட்ட ஆய்வு, நடந்ததைக் கூட்டு மனவடு என்று விளக்கியது. தனி ஆளின் மனதோடு குடும்பமும் ஊரும் ஒருவரையொருவர் நம்பும் பழக்கமும் சேர்ந்து அடிபட்டன என்பது அதன் பொருள். இதை வகுப்பறைக்குக் கொண்டுவந்தால் ஒன்று தெரியும். எந்த நேரத்தில் என்ன நடக்கும் என்று தெரியாத வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு, எந்த நேரத்தில் என்ன நடக்கும் என்று தெரிந்த ஓர் இடம் வேண்டும். நல்ல விதியின் முதல் பயன் அதுதான். ஆசிரியரின் மனநிலையைப் பொறுத்து மாறும் விதி அந்தப் பிள்ளைக்கு வீட்டின் தொடர்ச்சியாகவே தெரியும்.

தாமதமும் சப்பாத்தும்

பாடசாலை காலை 7.30க்குத் தொடங்குகிறது. துணுக்காய், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி போன்ற பகுதிகளின் உட்கிராமங்களில் ஒரு பஸ் தவறினால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது. யானை நிற்கும் வீதியில் விடியும்வரை சைக்கிளை எடுக்க முடியாது. மாரியில் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் ஓடும். காலபோக அறுவடைக் காலத்தில் மூத்த பிள்ளைக்கு வீட்டில் வேலை இருக்கும், தாய் மட்டுமே உழைக்கும் வீடாக இருந்தால் சொல்லவே வேண்டியதில்லை.

எனவே "தாமதமாக வராதே" என்பதற்குப் பதிலாக, தாமதமாக வந்தால் எப்படி உள்ளே வருவது என்று ஒரு நடைமுறையை நான் பழக்குவேன். பின்வாசலால் சத்தமில்லாமல் வந்து இருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கொப்பியைக் காட்ட வேண்டும். காரணத்தை இடைவேளையில் ஒரு கொப்பியில் பிள்ளையே எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை அந்தக் கொப்பியைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஒரே ஊர்ப் பிள்ளைகள் நால்வர் ஒரே நாட்களில் பிந்தினால் அது பஸ்ஸின் பிரச்சினை. அதிபர் இ.போ.ச. சாலைக்கு ஒரு கடிதம் எழுதலாம். பாடசாலைக்குப் பக்கத்தில் வீடுள்ள பிள்ளை மட்டும் தினமும் பிந்தினால், அந்தப் பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டும்.

சீருடையும் அப்படித்தான். பாடநூல் 1980 முதலும் சீருடைத் துணி 1993 முதலும் இலவசம். ஆனால் தையற்கூலி, பை, கொப்பி, பேனை எல்லாம் வீட்டுச் செலவு. இவை இல்லாத பிள்ளையை எழுப்பி நிறுத்துவதால் கொப்பி வராது, அடுத்த நாள் பிள்ளையும் வராமல் விடும். வகுப்பு அலுமாரியில் நான்கு கொப்பியும் ஒரு பெட்டி பென்சிலும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். பழைய மாணவர் சங்கத்திடமும் புலம்பெயர்ந்த உறவுகளிடமும் மேடைக்கும் வளைவுக்கும் பணம் கேட்கிறோம். இதையும் கேட்கலாம்.

ஐந்து விதிகள்

விதிகள் ஐந்துக்கு மேல் வேண்டாம். முதல் வாரத்தில் இரண்டு பாடவேளையை இதற்கு ஒதுக்க வேண்டும். நான் பிள்ளைகளிடம் மூன்று கேள்விகள் கேட்பேன்: வகுப்பில் எது நடந்தால் உங்களுக்குப் படிக்க முடியாமல் போகிறது? எது நடந்தால் பாடசாலைக்கு வரவே விருப்பம் இல்லாமல் போகிறது? நான் எப்படி நடக்க வேண்டும்? பதில்களைப் பெயரில்லாமல் துண்டில் எழுதச் சொன்னால்தான் உண்மை வரும். தரம் 8 வகுப்பொன்றில் இப்படி எழுதிய விதிகள் இவை:

1. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்போம்.
2. எல்லோரையும் அவரவர் பெயராலேயே கூப்பிடுவோம்.
3. அடுத்தவரின் பொருளைக் கேட்டு எடுப்போம்.
4. விளங்காவிட்டால் கை உயர்த்திக் கேட்போம். கேட்பவரைப் பார்த்துச் சிரிக்க மாட்டோம்.
5. போகும்போது எமது இடத்தைச் சுத்தமாக விட்டுப் போவோம்.

எல்லாம் பிள்ளையால் முடிந்தவை. காசு தேவைப்படும் வரி ஒன்றும் இல்லை. அநேகமாக எல்லாமே செய்ய வேண்டியதைச் சொல்கின்றன. "கதைக்காதே" என்றால் எப்போது கதைக்கலாம் என்று பிள்ளைக்குத் தெரியாது. முதல் விதியில் அது தெளிவாக இருக்கிறது. எழுதியது போதாது, பழக்கவும் வேண்டும். கொப்பிகளை எப்படிச் சேர்ப்பது, குழுவாக எப்படி அமர்வது, ஆசிரியர் வரப் பிந்தினால் என்ன செய்வது என்பவற்றை முதல் இரண்டு வாரம் செய்து பார்க்க வேண்டும். கணக்கைப் போலவே இதுவும் பயிற்சியால் வருவது.

இரண்டாம் விதி பற்றி ஒரு சொல். 1958, 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறின. யுத்தத்தின் முழுச் சுமையையும் அவர்களும் சுமந்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளை "தோட்டக்காட்டான்" என்று கூப்பிடும் வகுப்பு இன்றும் இருக்கிறது. சாதியைச் சொல்லியும், ஊரைச் சொல்லியும், தகப்பனின் ஊனத்தைச் சொல்லியும் வைக்கும் பட்டங்கள் இருக்கின்றன. பாடசாலைக்கு வர விருப்பமில்லை என்று எழுதிய துண்டுகளில் நான் அதிகம் கண்ட காரணம் அடி அல்ல, பட்டப்பெயர். இதற்கு விதி எழுதாத வகுப்பில் மற்ற விதிகளுக்கு மதிப்பில்லை. இந்த விதி ஆசிரியருக்கும் பொருந்தும்.

மீறினால்?

மீறலுக்கும் விளைவுக்கும் தொடர்பு இருக்க வேண்டும். குப்பை போட்டவர் பொறுக்குவார். பொருளை உடைத்தவர் திருத்த உதவுவார். பட்டம் வைத்தவர் அந்தப் பிள்ளையிடம் நேரில் பேசி மன்னிப்புக் கேட்பார், அதையும் முழு வகுப்புக்கும் காட்சியாக்கக் கூடாது. முதல் தடவை கண்ணால் ஒரு பார்வை, இரண்டாம் தடவை மேசைக்கு அருகில் போய்த் தாழ்ந்த குரலில் ஒரு சொல், மூன்றாம் தடவை இடைவேளையில் தனியாக ஒரு பேச்சு. அதற்கு மேல் போனால்தான் பெற்றோரும் அதிபரும்.

வெயிலில் முழங்காலில் நிறுத்துவது, தோப்புக்கரணம், மயிர் வெட்டுவது, குற்றப்பணம் வாங்குவது, ஒருவருக்காக முழு வகுப்பையும் தண்டிப்பது எல்லாம் பிரம்பின் வேறு வடிவங்களே. நூறு தடவை எழுதச் சொல்வது எழுத்தையே தண்டனையாக்கிவிடும். வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது இன்னும் மோசம். கட்டாயக் கல்வி வயதை 2016இல் அரசு 16ஆக உயர்த்தியது. அப்படியிருக்க, வாசலுக்கு வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்ப எமக்கு என்ன நியாயம் இருக்கிறது? திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளை வீட்டுக்குப் போகாமல் எங்கே போகிறது என்பதும் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததே.

சில விடயங்கள் வகுப்பறை விதிக்குள் அடங்கா. போதைப்பொருள், துஷ்பிரயோகம், வீட்டு வன்முறை, தன்னைத்தானே காயப்படுத்தல் போன்றவற்றை வகுப்பாசிரியர் தனியாகத் தீர்க்க முயலக்கூடாது. பாடசாலையின் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர், பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர், நன்னடத்தை உத்தியோகத்தர் ஆகியோரிடம் கொண்டுபோக வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு யாரும் அழைக்கலாம், பிள்ளையும் அழைக்கலாம். அந்த இலக்கம் விதித் தாளின் அடியில் இருக்கட்டும்.

ஆசிரியர் மாறினாலும்

வன்னியின் இன்னொரு யதார்த்தம் இடமாற்றம். யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் தினமும் வந்து போகும் ஆசிரியர்கள் பலர். கஷ்டப் பிரதேச சேவைக்காலம் முடிந்ததும் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. ஆனால் ஒரே வருடத்தில் ஒரு வகுப்புக்கு மூன்று ஆசிரியர் என்றால் மூன்று விதமான ஒழுங்கு என்று ஆகிவிடுகிறது. விதி வகுப்புக்குச் சொந்தமாக இருந்தால் இது நடக்காது. பிள்ளைகள் கையொப்பமிட்ட தாளையும், யாருக்கு எந்த உதவி தேவை என்ற இரகசியக் குறிப்பையும் புதியவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகலாம். முதல் நாளில் விதிகளைப் புதிய ஆசிரியருக்குப் பிள்ளைகளே விளங்கப்படுத்தட்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்புச் சுவரில் உள்ள தாளை நாளைக்கு ஒரு தடவை வாசியுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், இதைச் செய்வது பிள்ளையால் முடியுமா, அல்லது வேறு யாருடைய பொறுப்பா என்று பென்சிலால் குறியுங்கள். வேறு யாருடையதோ என்று வரும் வரிகளை வெட்டி, அவற்றைத் தனித் தாளில் எழுதி அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள். சுவரில் மிஞ்சுவது நான்கோ ஐந்தோ வரிகளாக இருக்கும். அவற்றை உறுதியாகக் கேளுங்கள், பிள்ளைகள் தருவார்கள்.